நிறப்படம் விடை அல்ல

ஏப்ரல் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். "அண்ணா, ஃபைனல் இயர் முடியப் போகுது. சிமுலேசனில மாஸ்டர்ஸ் செய்யலாமோ? வீட்டில வேண்டாமாம்." கேட்பவர்கள் பெரும்பாலும் குரோய்டன், மிச்சம், ஹாரோப் பிள்ளைகள். மெக்கானிக்கல், சிவில், ஏரோ படித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துவிட்டேன். அதனால் இங்கே ஒரேயடியாக.

செய்யுங்கள். ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுகிற எல்லாவற்றையும் வாங்காதீர்கள்.

இப்படிச் சொன்னால் மூன்று தரப்பார் என்னோடு கோபிப்பார்கள். "உதைப் படிச்சு என்ன செய்யப் போறாய், ஐ.ரி.க்குள்ள போ" என்று பிறந்தநாள் விழா மண்டபங்களில் தட்டோடு நின்று புத்தி சொல்கிற மாமாமார் முதல் தரப்பு. ஒரு வருடக் காசை வாங்கிக்கொண்டு ஒரு மென்பொருளின் மெனுக்களை மட்டும் காட்டி அனுப்புகிற படிப்புகளை நடத்துபவர்கள் இரண்டாவது. மூன்றாவது தரப்பு நீங்கள்தான். "மென்பொருள் செய்யும்தானே, இப்ப ஏஐயும் செய்யும்தானே" என்று நினைக்கிறவர்கள். மூவரும் ஒரே கட்சி என்பது என் வாதம். கணக்கை இன்னொருவர் போட்டுவிட்டார், நாங்கள் பொத்தானை அழுத்தினால் போதும் என்பதே மூவருடைய நம்பிக்கையும்.

முதலில் விசயம் என்ன என்று பார்ப்போம். ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. ஒரு முனையை 100 பாகையிலும் மறுமுனையை 0 பாகையிலும் பிடித்து வைத்திருக்கிறோம். நடுவில் எவ்வளவு? 50. இதற்குக் கணினி தேவையில்லை. இப்போது கம்பியை ஒரு என்ஜினின் விசிறி இதழாக மாற்றுங்கள். வளைந்த வடிவம், உள்ளே துளைகள், ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் குளிர்காற்று. இதற்குத் தாளில் எழுதக்கூடிய விடை கிடையாது. எனவே அதை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் எளிய விதி ஒன்றை எழுதுகிறோம். அயல் துண்டுகளோடு எல்லாவற்றையும் கோர்த்தால் லட்சக்கணக்கான ஒருங்கமை சமன்பாடுகள் வரும். அவற்றைத் தீர்க்கக் கணினி. ஏ லெவலில் இரண்டு தெரியாக்கணியங்களோடு செய்த அதே வேலை, அளவுதான் பெரிது. இதற்கு ஃபைனைட் எலிமென்ற் முறை என்று பெயர். காற்றுக்கும் தண்ணீருக்கும் இதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் உண்டு.

இந்த முறையை ஊரெங்கும் பரப்பிய முதல் பாடநூலை 1967-இல் எழுதியவர்களில் ஒருவர் ஓல்கிர்ட் சியன்கீவிச். நோர்பரியில் இருந்து தெற்கே, குரோய்டனுக்கு அப்பால் உள்ள கேற்றர்ஹாமில் 1921-இல் பிறந்தவர். வளர்ந்தது போலந்தில். யுத்தம் வந்து, குடும்பம் ஓடி, 1940-இல் திரும்பவும் இங்கே. இம்பீரியல் கல்லூரியில் படித்து, பிறகு 1961-இல் இருந்து வேல்ஸின் சுவான்சியில் இருந்துகொண்டு ஒரு துறையையே கட்டி எழுப்பினார். அகதிக் குடும்பத்துப் பிள்ளையின் கதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதே சுவான்சியில் அவரோடு சேர்ந்து பாய்மங்களுக்கான தொகுதியை எழுதியவர்களில் ஒருவர் பெருமாள் நித்தியரசு, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். எங்கள் பெயர்கள் அட்டையில் இருக்கின்றன. அட்டைக்கு உள்ளே போகிறோமா என்பதுதான் கேள்வி.

துண்டு போட்டு வெட்டுவதை எந்த மென்பொருளும் செய்யும். தீர்ப்பதையும் செய்யும். கடைசியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலமாக ஒரு படம் தரும். லிங்க்ட்இன்னில் போட்டால் அழகாக இருக்கும். ஆனால் துண்டுக்குள் எழுதிய அந்த "எளிய விதி" எங்கிருந்து வந்தது? இரும்பு என்றால் ஓரளவு பிரச்சினையில்லை. மண் என்றால்? களி என்றால்? களியை அழுத்தினால் அது என்ன செய்யும் என்று யார் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் வடமராட்சி, கம்பர்மலையில் 1934-இல் பிறந்த அழகையா துரைராஜா.

இந்தப் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1988-இல் இருந்து 1994 வரை இருந்தவர். எங்கள் விழாக்களில் அவரைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் ஒரே விசயம்: சைக்கிளில் போனார், எளிமையாக வாழ்ந்தார். நல்லது. எளிமை பெரிய குணம்தான். ஆனால் சைக்கிளில் போன மனிதர்கள் அந்த நாளில் யாழ்ப்பாணம் முழுக்க இருந்தார்கள். பெற்றோல் இல்லாத ஊரில் வேறென்ன ஓடுவது? கேம்பிரிட்ஜில் அவர் கண்டுபிடித்ததை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதை நாங்கள் மேடையில் சொல்வதில்லை. ஏனென்றால் எங்களுக்கு அது தெரியாது. படம் மாட்டி மாலை போடத் தெரிந்த சமூகத்துக்கு, அவர் என்ன எழுதினார் என்று ஒரு பின்னேரம் உட்கார்ந்து படிக்கத் தோன்றவில்லை.

அவர் செய்தது இது. 1960-ஐ ஒட்டிய வருடங்களில் கேம்பிரிட்ஜில் கென்னத் ரோஸ்கோவின் மண் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, உருளை வடிவ மண் மாதிரிகளைச் சுற்றிவரத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்து மேலிருந்து நசுக்கினார். கயோலின் என்ற வெள்ளைக் களி, மணல் இரண்டிலும் செய்தார். நசுக்கும்போது மண் சில நேரம் சுருங்கும், சில நேரம் வீங்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகும், அல்லது போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நடத்தைகள். துரைராஜா ஒரு கணக்குப்பிள்ளையைப் போலச் சக்தியின் வரவு செலவை எழுதினார். வெளியே இருந்து கொடுத்த வேலை எவ்வளவு? அதில் மண் திரும்பித் தரக்கூடிய பங்கு எவ்வளவு? மிச்சம், அதாவது உராய்வில் ஒரேயடியாகத் தொலைந்து போவது எவ்வளவு? அந்த மிச்சத்தைப் பார்த்தபோது ஒரு நேர்த்தி தெரிந்தது. தொலையும் சக்தி, மண்துகள்களுக்கு இடையே உள்ள அழுத்தத்தையும் அது வழுக்கி உருமாறும் அளவையும் ஒரு மாறிலியையும் பெருக்கினால் வருவது மட்டும்தான். மண் சுருங்குகிறதா வீங்குகிறதா என்பது அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் 1963-இல் ஜியோடெக்னிக் இதழில் கட்டுரை எழுதினார்கள். அதிலிருந்து வந்த மாதிரிக்கு, கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் நதியின் பெயரால் கேம் களி என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1968-இல் ரோஸ்கோவும் பர்லண்டும் அதைத் திருத்தி எழுதினார்கள். இன்றைக்கு மண்ணைக் கணிக்கிற எந்தப் பெரிய மென்பொருளைத் திறந்தாலும் மெனுவில் அந்தத் திருத்திய கேம் களி இருக்கும். ஸ்கோஃபீல்ட் பல வருடங்களுக்குப் பிறகு எழுதிய புத்தகத்திலும் துரைராஜாவின் பெயரைச் சொல்லியே அந்தக் கண்டுபிடிப்பைக் குறிப்பிடுகிறார். கேம்பிரிட்ஜ்காரர் மறக்கவில்லை.

இப்போது அந்தக் கட்டுரையின் தலைப்பைக் கவனியுங்கள். தமிழில் சொன்னால், "நெருக்கடி நிலையை விட ஈரமான நிலைகளில் களியின் விளைவு" என்று வரும். ஈரமான நிலைகளில். தலைப்பிலேயே எல்லை போட்டுவிட்டார்கள். இது மென்மையான, சுருங்கும் களிக்கான கதை. மற்றப் பக்கத்துக்கு இதைக் கொண்டு போகும்போது கவனம் என்று. மென்பொருள் மெனுவில் அந்தத் தலைப்பு இல்லை. வெறும் பெயர்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்துபவருக்கு எல்லை எங்கே என்று தெரியாது. இந்த இடைவெளிக்குள் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர், 2004 ஏப்ரல் 20, பின்னேரம் மூன்றரை மணி. நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் சேர்க்கிள் ரயில் பாதைக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்த குழி இடிந்தது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். கிரேன் ஓட்டியவர் ஒரு தமிழர்.

அந்த இடத்து மண் கடற்களி. மென்மையானது. துரைராஜாவின் "ஈரமான பக்கம்" என்பது இதுதான். இப்படிப்பட்ட களியை வேகமாக வெட்டினால் அது சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. தண்ணீரின் அழுத்தம் ஏறும், துகள்களுக்கு இடையேயான அழுத்தம் இறங்கும், பலம் குறையும். வடிவமைப்பில் பாவித்த மென்பொருள் பிரபலமான, நல்ல மென்பொருள். ஆனால் தெரிவு செய்த மண் விதி வேறு. மோர்-கூலோம் என்ற பழைய எளிய விதியை, தண்ணீர் வெளியேறாத நிலைக்கு, நீண்டகாலப் பலத்தின் எண்களோடு கொடுத்தார்கள். அந்தச் சேர்க்கையில் களி சுருங்கப் பார்ப்பதே கணக்குக்குள் வராது. எனவே மண் உண்மையை விடப் பலமானது என்று கணினி சொன்னது. சுவர் அசைவதும் வளைவதும் உண்மையை விடக் குறைவாக வந்தது. 2005-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதை வெளிப்படையாகச் சொல்கிறது. இரும்புத் தாங்கிகள் பொருந்துகிற இடத்தின் வடிவமைப்பில் இன்னொரு பெரிய பிழை இருந்தது, அளவுகருவிகள் முன்கூட்டியே எச்சரித்ததையும் பொருட்படுத்தவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஒரு பிழையால் மட்டும் பெரிய கட்டுமானம் விழுவது அரிது.

ஆனால் கேளுங்கள். களி சுருங்கப் பார்க்கும், அப்போது பலம் குறையும் என்பது 2004-இல் புதிய செய்தி இல்லை. 1963-இல் அச்சில் வந்துவிட்டது. எழுதியவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். நாற்பது வருடம் கழித்தும், அந்த அறிவு நூலகத்தில் இருந்தது, கணக்குப் போட்டவரின் தலைக்குள் இல்லை.

விதி சரியாக இருந்தாலும் வலை பிழைத்தால் அதே கதி. நோர்வேயில் ஸ்டவாங்கருக்குப் பக்கத்து நீரிணையில் 1991 ஓகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் என்ற எண்ணெய் மேடையின் கொங்கிரீட் அடித்தளம் சோதனையின்போது மூழ்கியது. துண்டுகளை மோசமாக வெட்டியதால் ஒரு முக்கியமான சந்தியில் வெட்டுத் தகைப்பை 47 வீதம் குறைவாகக் கணித்திருந்தார்கள். கம்பியும் போதாமல் போனது. பிறகு கவனமாகத் திரும்பச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். அதாவது முறை நல்ல முறைதான்! ஒழுங்காகப் பாவித்தால் மூன்று மீட்டருக்குள் சொல்கிறது. தெய்வாதீனமாக ஒருவரும் சாகவில்லை. நட்டம் சுமார் 70 கோடி டொலர்.

இனி நோர்பரிக்கு வருவோம். நான் இதை எழுதும் மேசைக்குக் கீழே, தரையோடுகளுக்கும் அத்திவாரத்துக்கும் கீழே, லண்டன் களி. கோடை காய்ந்தால் சுருங்கும், மாரியில் வீங்கும். எங்கள் வீதிகளில் சுவர் மூலையில் படிப்படியாக ஏறும் வெடிப்பைக் கண்டிருப்பீர்கள். அம்மாமார் அதைப் பூச்சு வேலைக்காரனின் பிழை என்பார்கள். பாவம் அந்த மனிதன். லண்டன் களி சிங்கப்பூர்க் களிக்கு நேரெதிர். முற்காலத்தில் மேலே கிடந்த மண் அரித்துப் போனதால், ஒருகாலத்தில் பெரும் பாரத்தைச் சுமந்து இறுகிய களி இது. துரைராஜாவின் கட்டுரைத் தலைப்புக்கு மற்றப் பக்கம், "காய்ந்த பக்கம்". இங்கே கேம் களியை அப்படியே போட்டால் களி உண்மையை விடப் பலமாகத் தெரியும். அதாவது சிங்கப்பூரில் எடுத்திருக்க வேண்டிய விதியை லண்டனில் எடுத்தால் பிழை. லண்டனில் சிலவேளை சரிவரும் விதி சிங்கப்பூரில் கொலை. இரண்டு ஊரிலும் மென்பொருள் ஒன்று. நிறங்களும் ஒன்று.

அப்படியென்றால் லண்டனில் தோண்டவே முடியாதா? 1990-களில் ஜூபிலி பாதைக்காக வெஸ்ட்மின்ஸ்டரில், பிக் பென் கோபுரத்தின் காலடியில் ஆழமாகத் தோண்டினார்கள். கோபுரம் சாயாமல் இருக்க, அதன் கீழே சிறிது சிறிதாகச் சீமெந்துக் கூழ் செலுத்திக்கொண்டே தோண்டினார்கள். அதற்கு ஆலோசகர் கேம் களியைத் திருத்தி எழுதிய அதே பர்லண்ட். அவரும் இம்பீரியல் கல்லூரிச் சகாக்களும் அதற்கு முதலே லண்டன் களியை ஆய்வுகூடத்தில் வைத்து, மிகச் சிறிய அசைவில் அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று பொறுமையாக அளந்திருந்தார்கள். அளந்ததை விதியாக எழுதி, அந்த விதியைக் கணினிக்குக் கொடுத்தார்கள். தோண்டும்போதும் அளந்துகொண்டே இருந்தார்கள். கோபுரம் நிற்கிறது. சிமுலேசன் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

இப்போது மாமாமாரிடம்.

நான் ஐ.ரி. ஆலோசகன். உழைப்புப் பரவாயில்லை. அதனால் என்னை உதாரணமாகக் காட்டி "பார், அவனும் இஞ்சினியரிங் மாஸ்டர்ஸ் படிச்சுப்போட்டு ஐ.ரி.தானே" என்கிறார்கள். பிழையான கணக்கு. நான் சம்பளம் வாங்குவது, திரையில் ஓர் எண் வந்தால் அது எந்த அளவில் வர வேண்டும் என்று முதலே ஒரு தாளில் போட்டுப் பார்க்கிற பழக்கத்துக்கு. அந்தப் பழக்கம் மாஸ்டர்ஸில் வந்தது. பெயர் சொல்லாத ஓர் இடத்தில், ஒரு கிடங்கில் அது கொள்ளக்கூடியதை விட மூன்று மடங்கு சாமான் அடுத்த மாதம் நிற்கும் என்று அமைப்பு சொன்னது. கூட்டத்தில் இருந்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள். வரைபடம் அவ்வளவு வடிவாக இருந்தது! கணினி சொன்னால் சரி என்ற நம்பிக்கை இந்த நாட்டில் என்ன செய்தது என்பதை நான் நினைவூட்ட வேண்டுமா? தபால் நிலையங்களின் ஹொரைசன் அமைப்பை நம்பி 900-க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். எங்கள் ஆட்களும் அந்த முகப்புக் கண்ணாடிகளுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான்.

காசு விசயத்தை மூடி மறைக்க மாட்டேன். இங்கிலாந்தில் மாஸ்டர்ஸுக்கான அரசாங்கக் கடன் 2016-இல் 10,000 பவுணுடன் தொடங்கியது. இப்போது கூடியிருக்கிறது, கல்விக் கட்டணமும் கூடியிருக்கிறது. வருமானம் 21,000 பவுணைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் 6 வீதம் கழிப்பார்கள். முதல் பட்டக் கடனுக்கான 9 வீதத்துக்கு மேலதிகமாக இது. சின்னக் காசு அல்ல. அதனால்தான் எதை வாங்குகிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. டார்பியில், பிரிஸ்டலில், கார்ப் பந்தயக் குழுக்கள் இருக்கும் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயர்ப் பக்கம், அணுசக்தி நிலையங்கள் இருக்கும் கடற்கரைகளில். பிரச்சினை, இவை ஒன்றும் நோர்பரி ஸ்ரேசனில் இருந்து விக்ரோறியாவுக்குப் போகிற ரயிலில் இல்லை. "டார்பியில தனிய இருந்து என்னத்தைச் சமைச்சுச் சாப்பிடப் போறாய்?" என்பதுதான் வீட்டின் உண்மையான எதிர்ப்பு. ஐ.ரி. என்று சொல்வது அதன் மேலாடை. பெண் பிள்ளை என்றால் மேலாடையும் இல்லை, நேராகவே சொல்வார்கள். தங்கச்சிமாருக்கு ஒன்று: "சைற்றில வெயிலுக்க நிண்டு என்ன செய்யிறது" என்று கேட்டால், இந்த வேலை நடப்பது கதிரையில் இருந்து என்று சொல்லிவிடுங்கள். பிறகு சைற்றுக்கும் போங்கள். மண்ணைக் கையால் தொடாதவர் களிக்கு விதி எழுதக் கூடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்து மாணவர் விசாவில் இதே வகுப்புக்கு வரும் உங்கள் வயது மச்சான்மார், உங்களை விட மிக அதிகமான கட்டணம் கட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடன் இல்லை. படித்து முடித்தால் விசாவுக்கு அனுசரணை தரும் நிறுவனத்தைத் தேட வேண்டும். பாதுகாப்பு, அணுசக்தி போன்ற துறைகளில் பல கதவுகள் அவர்களுக்குத் திறக்கவே திறக்காது. உங்கள் கையில் கடவுச்சீட்டு இருக்கிறது. அந்தக் கதவால் அவர்கள் போக முடியாது, நீங்கள் போகமாட்டோம் என்கிறீர்கள்.

ஏஐ? பத்து மணித்தியாலம் ஓடும் கணக்கின் விடையை ஒரு நொடியில் ஊகிக்கும் வலையமைப்புகள் வந்துவிட்டன. உண்மை. அவற்றை எதில் பழக்குகிறார்கள்? பெரும்பாலும் பழைய சிமுலேசன் விடைகளில். 2004-க்கு முந்திய அந்தச் சிங்கப்பூர் முறையில் செய்த ஆயிரம் கணக்குகளைக் கொடுத்துப் பழக்கினால், பலமில்லாத களியைப் பலமானது என்று ஒரு நொடியில் சொல்லும் இயந்திரம் கிடைக்கும். முன்பு பத்து மணித்தியாலம் காத்திருக்கும் நேரத்திலாவது யாரேனும் சந்தேகப்பட வாய்ப்பிருந்தது.

சரி, எந்தப் படிப்பு? பெயர்களைப் பட்டியலிடப் போவதில்லை. சுவான்சி, இம்பீரியல், கிரான்ஃபீல்ட் என்று நீங்களே தேடிக்கொள்ளலாம். ஆனால் திறந்த நாளுக்குப் போனால் ஆய்வுகூடத்துக் கணினிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாயைப் பிளக்காமல் விரிவுரையாளரைப் பிடித்துக் கேளுங்கள். முதல் தவணையில் வெறும் பக்கத்தில் இருந்து, பைதனிலோ வேறெதிலோ, சொந்தமாக ஒரு ஃபைனைட் எலிமென்ற் நிரல் எழுதச் சொல்வீர்களா? அந்த நிரல் சரி என்று நான் எப்படி நிரூபிக்க வேண்டும், விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கோடு ஒப்பிட வைப்பீர்களா? துண்டுகளைப் பாதியாக்கினால் பிழை எவ்வளவு குறைய வேண்டும் என்று பரீட்சையில் கேட்பீர்களா? கணித்ததை உண்மையில் அளந்ததோடு ஒப்பிடும் ஆய்வு யாராவது செய்கிறார்களா? இவற்றுக்கு முகம் மலர்ந்து பதில் வந்தால் சேருங்கள். "தொழிற்துறையில் எல்லாரும் பாவிக்கும் மென்பொருளில் பயிற்சி தருகிறோம்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் கோப்பித் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அந்தப் பயிற்சி யூடியூப்பில் இலவசம். மாணவர் பதிப்பு மென்பொருளும் பல நிறுவனங்களிடம் இலவசம். அதற்கு ஒரு வருடமும் கடனும் கொடுக்கக் கூடாது.

கணிதம் கஷ்டம் என்று பயப்படுபவர்களிடம் ஒன்று மட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை ரியூசனுக்கு அனுப்பி எங்களை வளர்த்தார்கள். பதினொரு வயதில் கிராமர் ஸ்கூல் பரீட்சைக்குப் போட்ட கணக்குகளை யோசித்துப் பாருங்கள். அந்த உழைப்பெல்லாம் ஒரு நல்ல பள்ளிக்கூடத்து வாசலோடு முடிந்துவிட்டதா? பிள்ளை எவ்வளவு கணக்குப் போடும் என்பதில் எங்கள் சமூகத்துக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. எதற்குப் போடுகிறது என்று கேட்கத்தான் மறந்துவிட்டோம்.

கிளிநொச்சியில் அறிவியல் நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் யுத்தம் முடிந்த பிறகு அங்கேதான் வந்தது. இம்முறை ஊருக்குப் போகிறவர்கள் நல்லூருக்கும் கசூரினாவுக்கும் இடையில் ஒருநாள் அங்கே போய் அந்தப் பிள்ளைகளோடு கதைத்துப் பாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை உங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் கிடைக்கும். ஜியோடெக்னிக், 13-ஆம் தொகுதி, 211-ஆம் பக்கம் தொடங்கி முப்பது பக்கங்கள். ஒரே மூச்சில் விளங்காது. எனக்கும் விளங்கவில்லை, மூன்று வாரம் எடுத்தது.

அதற்கு முதல் அந்தக் கம்பிக் கணக்கைச் செய்யுங்கள். பத்துத் துண்டு. ஒரு முனை 100, மறுமுனை 0. ஒவ்வொரு சந்தியும் தன் இரண்டு அயலாரின் சராசரி என்று எழுதித் தீர்த்தால் நேர்கோடு வரும். பிறகு கம்பியின் பக்கவாட்டிலும் சூடு வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள், முதலில் ஐந்து துண்டோடு, பிறகு பத்தோடு, பிறகு இருபதோடு. மூன்று விடையும் ஒன்றாக இராது. எவ்வளவு வித்தியாசம், ஏன் அவ்வளவு என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். நிறம் தீட்ட வேண்டாம்.